‘ஸ்க்ரீம் 3’: ரூல்ஸ் சொன்ன படமே அதை மறந்தது ஏன்?

திகில் படம் ஓடும்போது பக்கத்து சீட்டில் ஒருவர் கட்டாயம் முணுமுணுப்பார்: “ஐயோ, தனியா மாடிக்குப் போகாதே!” அதையே படத்துக்குள் இருக்கும் ஆள் சொன்னால் எப்படி இருக்கும்?

1996இல் வெளியான ‘ஸ்க்ரீம்’ செய்த வேலை இதுதான். முகமூடிக் கொலைகாரன் ஒவ்வொருவராகக் குத்திக் கொல்லும் ‘ஸ்லாஷர்’ படங்களின் ஃபார்முலா, அந்தப் படத்தில் வரும் இளைஞர்களுக்கு மனப்பாடம். ஆனாலும் சாகிறார்கள். கெவின் வில்லியம்சன் எழுதி, வெஸ் கிரேவன் இயக்கிய அந்தப் படம் உலகம் முழுக்க சுமார் 17 கோடி டாலர் வசூலித்தது. 1997இல் வந்த இரண்டாம் பாகமும் கிட்டத்தட்ட அதே அளவு அள்ளியது.

2000 பிப்ரவரியில் மூன்றாம் பாகம் வந்தது. வசூல் சுமார் 16 கோடி டாலர். நஷ்டம் இல்லை. ஆனால், தொடரிலேயே சுமாரான பாகம் எது என்று கேட்டால், ரசிகர்கள் பலரும் இன்றுவரை இதைத்தான் கைகாட்டுகிறார்கள். ஏன்? (ஸ்பாய்லர் அலர்ட்: படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்!)

படம் கொடுத்த வாக்கு என்ன?

கதை இந்த முறை ஹாலிவுட்டில் நடக்கிறது. முதல் பாகத்துக் கொலைகளை வைத்து அங்கே ஒரு படம் எடுக்கிறார்கள். அதில் நடிப்பவர்களை ஒருவன் வரிசையாகப் போட்டுத்தள்ளுகிறான். அப்போது ஒரு வீடியோ கேசட் வருகிறது. இரண்டாம் பாகத்தில் இறந்துபோன சினிமாப் பைத்தியம் ராண்டி, சாவதற்கு முன் பதிவு செய்தது. மூன்று பாகக் கதையின் கடைசிப் பாகத்துக்கு அவன் மூன்று விதிகள் சொல்கிறான்:

1. கொலைகாரனுக்கு அசாத்திய பலம் இருக்கும்; சாதாரணமாகக் கொல்ல முடியாது.
2. யார் வேண்டுமானாலும் சாகலாம், ஹீரோயின் உட்பட.
3. பழைய பாவம் திரும்ப வரும். தெரிந்ததாக நினைத்தது எல்லாம் பொய்யாகும்.

இதைக் கேட்டதும் சீட் நுனிக்கு வராமல் இருக்க முடியுமா?

மார்க் போட்டால்?

முதல் விதி: அசாத்திய பலம் என்பது கடைசியில் வெறும் குண்டு துளைக்காத கவசம். போனால் போகிறது, அரை மார்க்.

இரண்டாவது விதி: பூஜ்ஜியம். நாயகி சிட்னி, நிருபர் கேல், போலீஸ்காரர் டூயி மூவருமே தப்பிக்கிறார்கள். டூயி, கேலிடம் திருமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்கும் அளவுக்கு சுபம்.

மூன்றாவது விதி: இது மட்டும் நடக்கிறது. கொலைகாரன், சிட்னியின் அம்மாவுக்குப் பிறந்த இன்னொரு பிள்ளை. முதல் பாகத்துக் கொலைகளையே தூண்டிவிட்டவன் இவன்தானாம். ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிசு. பக்கத்தில் இருக்கும் நண்பனே கொலைகாரன் என்பதுதான் முதல் படத்தின் அதிர்ச்சி. அதன் பின்னால் யாரோ ஒருவர் இருந்தார் என்றதும் அந்த அதிர்ச்சியே நீர்த்துப்போகிறது.

போதாக்குறைக்கு, யார் குரலிலும் பேசும் ஒரு கருவி வேறு. போனில் பேசுவது யார் வேண்டுமானாலும் என்றால், பார்ப்பவர் எதை வைத்துத் துப்பறிவது?

திரைக்குப் பின்னால் என்ன நடந்தது?

முக்கியமாக மூன்று விஷயங்கள். ஒன்று, முதல் இரண்டு படங்களை எழுதிய வில்லியம்சன் வேறு வேலைகளில் பிஸி. கதைச்சுருக்கம் மட்டுமே கொடுத்தார். எரன் க்ரூகர் என்ற புதியவர் ஏறக்குறைய புதிதாக எழுதினார். படப்பிடிப்பு நடக்க நடக்கவே காட்சிகள் மாறின.

இரண்டு, சிட்னியாக நடித்த நெவ் கேம்ப்பெல்லின் கால்ஷீட் சில வாரங்கள்தான் கிடைத்தது. படத்தின் முதல் பாதியில் சிட்னி ஊருக்கு ஒதுக்குப்புறமான வீட்டில் தனியாக இருப்பது இதனால்தான்.

மூன்று, 1999 ஏப்ரலில் நடந்த கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூடு. சினிமா வன்முறை பற்றி அமெரிக்கா முழுக்க விவாதம் கிளம்பியது. ரத்தத்தைக் குறைத்து நகைச்சுவையைக் கூட்டச் சொன்னது தயாரிப்புத் தரப்பு. ஸ்டுடியோவின் பயம் நியாயமானது. ஆனால் பயத்தைக் குறைத்த இடத்தில் வைக்க, படத்திடம் வேறு எதுவும் இல்லை.

அப்போ நல்லதே இல்லையா?

இருக்கிறது. ஸ்டுடியோவில் சிட்னியின் பழைய வீட்டை அப்படியே செட் போட்டிருப்பார்கள். அதற்குள் அவளை முகமூடிக்காரன் துரத்தும் காட்சி, தொடரின் சிறந்த காட்சிகளில் ஒன்று. ஒருவரின் துயரம் இன்னொருவருக்கு செட் பிராப்பர்ட்டி ஆகிவிட்டதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறது.

இன்னொன்று, சிட்னியின் அம்மாவின் கதை. நடிக்க வந்த இளம்பெண்ணை, செல்வாக்கான தயாரிப்பாளரின் பார்ட்டியில் சீரழிக்கிறார்கள். இதைப் பேசிய படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஹார்வி வெய்ன்ஸ்டீன். 2017இல் அவர் மீது பெண்கள் அடுத்தடுத்து புகார் சொன்னார்கள். 2022இல் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் பாலியல் வன்முறை வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பானது. படத்தின் கனமான விஷயம் இதுதான். ஆனால் சில வசனங்களோடு கடந்துவிட்டு, அடுத்த ஜோக்குக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த இரண்டாவது விதி என்ன ஆனது?

‘எனக்கு ரூல்ஸ் தெரியும்’ என்று படம் சொன்னால், அது பார்ப்பவரோடு போடும் ஒப்பந்தம். விதியை மீறலாம், அதைவிடப் பெரிய அதிர்ச்சி கையில் இருந்தால். ‘ஸ்க்ரீம் 3’ விதியைச் சொல்லிவிட்டு, பாதுகாப்பாக ஒதுங்கிக்கொண்டது.

2015இல் கிரேவன் காலமானார். அவர் இல்லாமல் 2022இல் வந்த ஐந்தாம் பாகத்தில்தான் டூயி கொல்லப்பட்டார். முக்கிய மூவரில் முதல் மரணம். ராண்டி சொன்னது பலிக்க 22 வருஷம் ஆனது.