நீராவி எஞ்சின் எட்டிய உச்ச வேகம்

நீராவி எஞ்சின்களுள் வேகத்தால் உலகப் புகழ் பெற்றது ‘மல்லார்ட்’. விரைந்து பறக்கும் ஒருவகைக் காட்டு வாத்தின் பெயர் அது. 1938-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள் இங்கிலாந்தில் இவ்வெஞ்சின் மணிக்கு 126 மைல், அதாவது ஏறத்தாழ 203 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது.

லண்டன் வடகிழக்கு ரயில்வேயின் தலைமைப் பொறியியலறிஞர் சர் நைஜல் கிரெஸ்லி வகுத்த ‘ஏ-4’ இனத்தைச் சேர்ந்தது இது. இவ்வினத்தில் 35 எஞ்சின்கள் டான்காஸ்டர் தொழிற்சாலையில் உருவாயின. காற்றைக் கிழித்துச் செல்லும் ஆப்பு வடிவ முகப்பு இவற்றின் சிறப்பு. மல்லார்டுக்கு இரட்டைப் புகைபோக்கியும் வாய்த்திருந்தது. வேலை முடித்த நீராவி அதன் வழியே தடையின்றி வெளியேறியதால், பிஸ்டனை எதிர்த்து நிற்கும் அழுத்தம் குறைந்தது.

இதன் பயனை எளிய கணக்கால் உணரலாம். பெரிய சக்கரங்களின் விட்டம் 6 அடி 8 அங்குலம். சுற்றளவு ஏறத்தாழ 21 அடி. மணிக்கு 126 மைல் என்பது நொடிக்கு 185 அடி. ஆகவே சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 9 முறை சுழல வேண்டும். மூன்று உருளைகள் ஒவ்வொன்றிலும் நீராவி நொடிக்கு 18 தடவை புகுந்து வெளியேற வேண்டும்!

அன்று பிரேக் சோதனை என்ற பெயரில் புறப்பட்ட வண்டியில், வேகத்தைத் தாளில் பதியும் கருவிகள் கொண்ட அளவீட்டுப் பெட்டியும் இருந்தது. ஜோசப் டடிங்டன் எஞ்சினை ஓட்டினார். தாமஸ் பிரே கரி இட்டார். ஸ்டோக் சரிவில் வண்டி இறங்கியபோது உச்ச வேகம் சிறிது தொலைவுக்கே நிலைத்தது.

அதற்குள் ஆபத்தும் நெருங்கிவிட்டது. நடு உருளையின் வால்வை இயக்கிய நெம்புகோல்கள் மிகு வேகத்தில் வளைந்து கொடுத்தன. அதனால் அவ்வுருளை தன் பங்கினும் மிகுதியாக உழைத்து, இணைப்புத் தண்டின் தாங்கி கொதிப்புற்றது. இத்தகைய வெப்பத்தை அறிவிக்கவே அங்குச் சோம்பு மணமுள்ள சிமிழ் வைக்கப்பட்டிருந்தது. பீட்டர்பரோவில் மல்லார்ட் கழற்றப்பட்டது. வேறோர் எஞ்சின் வண்டியை லண்டனுக்கு இழுத்துச் சென்றது.

ஜெர்மனியின் ‘05 002’ எஞ்சின் 1936-இல் மணிக்கு 200.4 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. அது சமதளப் பாதையில் ஓடியது என்பதையும், மல்லார்டுக்குச் சரிவு துணை நின்றது என்பதையும் நடுநிலையாளர் மறவார்.

பழுது நீங்கிய மல்லார்ட் 1963 வரை பயணிகளைச் சுமந்து உழைத்தது. பின்னர் யார்க் நகரிலுள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் இடம் பெற்றது. 2013-இல், சாதனையின் 75-ஆம் ஆண்டை முன்னிட்டு, எஞ்சியிருந்த ஆறு ஏ-4 எஞ்சின்களும் அங்கே ஒன்றுகூடின. அவற்றுள் இரண்டு அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் கடல் கடந்து வந்தவை.

ஓர் இயந்திரத்தின் ஆற்றல் அதன் மிக வலிய உறுப்பால் அன்று, மிக மெலிந்த உறுப்பாலேயே வரையறுக்கப்படுகிறது. மல்லார்டின் வெற்றியும் அதன் கொதித்த தாங்கியும் மாணவர்க்குச் சேர்ந்தே உணர்த்தும் உண்மை இதுவே.