க்யிம்யிண்டைங்கில் வெந்த பிரேசில் பாண்

யாங்கோன் நகரின் மேற்கு விளிம்பில், ஆற்றை ஒட்டிக் கிடக்கிறது க்யிம்யிண்டைங். ஆங்கிலேயர் நாவில் அது கெமெண்டைன் ஆயிற்று. 1824ஆம் ஆண்டு முதலாம் ஆங்கில-பர்மியப் போரில் அங்கே கடும் சமர் நடந்தது. இன்று நகரைச் சுற்றிவரும் புகைவண்டிக்கு அதுவும் ஒரு தரிப்பிடம். 2024ஆம் ஆண்டின் இறுதியில், அங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையற்கட்டில் நாம் கண்டதையே இங்கு எழுதுகிறோம். அவர்களது பெயரையும் தெருவையும் குறிப்பிடோம். காரணம் வாசகர்களுக்கு விளங்கும்.

அவ்வாண்டு பெப்ரவரியில் இராணுவ ஆட்சி கட்டாயப் படைச்சேவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தப்போவதாக அறிவித்தது. சில வாரங்களில் அவ்வீட்டின் மூத்த மகன் எல்லை கடந்தான். நாம் சென்றபோது அவன் ஐரோப்பிய நகரொன்றில் புகலிட விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்தான். தொலைபேசி கிடைக்கும் நாட்களில் தாயார் கேட்கும் முதற் கேள்வி, "என்னப்பா சாப்பிட்டே?" என்பதே. கூட வசிக்கும் பிரேசில்காரர் ஒருவர் சுட்டுத் தரும் உருண்டை ரொட்டியைப் பற்றி அவன் சொல்லப்போக, அதைத் தாமும் செய்து பார்த்தே தீருவேன் என்று தாயார் நின்றுவிட்டார்.

அவர் ரொட்டி என்கிறார். நாம் பாண் என்போம். போர்த்துக்கேய மொழியில் அப்பண்டத்தின் பெயர் 'பாவ் ஜி கேய்ஜு'. பாலாடைக்கட்டிப் பாண் என்று பொருள். அந்தப் 'பாவ்' எமது பாணேதான்; போர்த்துக்கேயர் இலங்கைக் கரையில் விட்டுச்சென்ற சொல். மாவும் எமக்கு அந்நியமன்று. கோதுமை அரிதாயிருந்த மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில், மரவள்ளிக் கிழங்கின் மாப்பொருளைக் கொண்டே இப்பாணைச் சுட்டனர். தென்னமெரிக்காவில் பிறந்த அக்கிழங்கே பின்னர் கடல் கடந்து எமது தோட்டங்களுக்கும் வந்தது. சேலத்துச் சவ்வரிசி இம்மாப்பொருளில் திரட்டப்படுவதே. மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கலாகாது என்று எச்சரித்த எமது பாட்டிமார், அதில் பாண் சுடலாம் என்பதை மட்டும் அறிந்திருக்கவில்லை!

மகன் எழுதி அனுப்பிய அளவு இது: மரவள்ளி மாப்பொருள் 250 கிராம், பால் 125 மில்லிலீற்றர், எண்ணெய் 60 மில்லிலீற்றர், முட்டை ஒன்று, துருவிய பாலாடைக்கட்டி 125 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி. பாலையும் எண்ணெயையும் உப்புடன் கொதிக்கவைத்து, பொங்கும் சூட்டிலேயே மாவின்மீது ஊற்றிக் கிளறவேண்டும். அச்சூட்டில் மா ஓரளவு வெந்து பசையாகிறது. கோதுமைக்குரிய இழுவைப் புரதம் மரவள்ளியில் இல்லை. ஆகவே உள்ளே எழும் நீராவியைப் பிடித்து வைப்பது இந்தப் பசையும் முட்டையுமே. ஆறிய பின்னரே முட்டையைச் சேர்க்கவேண்டும். பிறகு பாலாடைக்கட்டியைப் பிசைந்து, எலுமிச்சங்காய் அளவில் உருட்டுவது. கிழங்கை உலர்த்தி இடித்த மா இதற்கு ஆகாது. ஆசியக் கடைகளில் கிடைக்கும் வெண்ணிறத் தாய்லாந்துப் பொதியே போதும். பிரேசிலில் புளிக்கவைத்து வெயிலில் உலர்த்திய மாவையும் பயன்படுத்துவர். அது கூடுதலாகப் பொங்கும்.

போறணை உள்ளவர்களுக்கு 190 பாகை வெப்பத்தில் 25 நிமிடம் போதுமானது. க்யிம்யிண்டைங் வீட்டிலோ போறணை இல்லை. இருந்திருந்தாலும் மின்சாரம் எப்போது வரும் என்பதை யாரும் அறியார். ஆனால் பர்மியர் ரவையும் தேங்காய்ப் பாலும் சேர்த்து, மேலே கசகசா தூவி, 'சனுவின் மக்கின்' என்றொரு பணியாரம் சுடுவார்கள். சட்டியின் கீழும் கரி, மூடிய தகட்டின் மேலும் கரி. தாயார் அம்முறையையே கையாண்டார்.

முதல் ஈடு பாழாயிற்று. அடியில் தணல் மிகுந்து, உருண்டைகள் கீழே கருகி உள்ளே களியாகவே இருந்தன. பாலாடைக்கட்டி வாங்கிய செலவை எண்ணி அவர் சிறிது நேரம் பேசவில்லை. இரண்டாவது ஈட்டுக்குக் கீழே ஒரு பங்கு தணலும் மேலே இரு பங்கும் வைத்தார். சட்டிக்குள் மணல் பரப்பி, அதன்மேல் தட்டை இருத்தினார். அரைமணி நேரத்தில் உருண்டைகள் விரிந்து பொன்னிறமாயின. பிட்டபோது உள்ளே நூல்நூலாக இழுத்தது.

சுடாத உருண்டைகளை உறைபெட்டியில் பல நாள் வைக்கலாம் என்று மகன் எழுதியிருந்தான். மின்சாரமில்லாத ஊரில் அது நடவாது. ஆகவே அனைத்தையும் அன்றே சுட்டு, அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்தனுப்பினார். அடுத்த வீட்டுப் பர்மிய மூதாட்டி பால் தேநீரில் தோய்த்து உண்டு, சீனி போட மறந்துவிட்டாயா என்று கேட்டனுப்பினார்.

இரவு ஒன்பது மணிக்குமேல் இணைப்புக் கிடைத்தது. தாயார் ஒரு பாணைத் திரைக்கு நேரே பிட்டுக் காட்டினார். மகன் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அடியிலே கொஞ்சம் கருகியிருக்கே அம்மா," என்றான். அது முதல் ஈட்டில் மிஞ்சியது. நல்லவை யாவும் தீர்ந்துவிட்டன.