கோலி சோடாவில் ஒரு ஜெர்மன் கோடை

"அண்ணே, ஒரு சோடா உடைங்க" என்று கேட்டால் எங்கள் எம்.கே.பி. நகர் பொட்டிக்கடைக்காரர் எதையும் உடைக்கமாட்டார். பாட்டிலை இடுப்போடு அணைத்து, சின்ன மரக்கட்டையை அதன் வாயில் வைத்து ஒரே அழுத்து. 'டொப்!' கோலி கழுத்துக்குள் விழுந்து கிணுகிணுக்கும். பொங்கிவரும் நுரையை உள்ளங்கையால் அடக்கிவிட்டு, "உப்பு போட்டா, சும்மாவா?" என்பார். கத்திரி வெயிலில், வியாசர்பாடிப் பக்கம் லாரிப் புழுதியைத் தின்றுவிட்டு வருகிறவனுக்கு அந்தச் சத்தத்திலேயே பாதித் தாகம் தீர்ந்துவிடும்.

ஜெர்மனிக்காரர்களின் கோடைச் சாப்பாட்டை வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கிளம்ப வேண்டிய இடமும் இந்தப் பொட்டிக்கடைதான். அவர்களுக்குக் கோடை என்றால் காஸ் ஏற்றிய தண்ணீர். ஓட்டலில் வெறுமனே 'தண்ணீர்' என்று கேட்டால் பெரும்பாலும் சோடாதான் வரும். அதில் பழச்சாறு கலந்தால் ஷோர்லே. எலுமிச்சைச் சோடாவைப் பீரோடு பாதிக்குப் பாதி சேர்த்தால் ராட்லர். சைக்கிள் ஓட்டுகிறவர் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். பீர் சமாச்சாரம் இங்கே வேண்டாம். ஷோர்லே போதும், குழந்தைகளும் குடிக்கலாம்.

வடசென்னையில் ஜெர்மனி என்றதும் பெரியவர்களுக்கு எம்டன்தான் நினைவுக்கு வரும். 1914 செப்டம்பர் 22 இரவு, அந்தப் போர்க்கப்பல் துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. 'அவன் பெரிய எம்டன்' என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. சோடாவில் இருக்கும் ஜெர்மன் பங்கை மட்டும் யாரும் பேசுவதில்லை.

ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில் நீடர்ஸெல்டர்ஸ் என்றொரு ஊர். அங்கே ஊற்றுத் தண்ணீர் தானாகவே காஸோடு வரும். அதைச் சுட்ட மண் ஜாடிகளில் அடைத்துக் கடல் கடந்தும் விற்றார்கள். ஆங்கிலத்தில் சோடாத் தண்ணீருக்கு வழங்கும் 'செல்ட்சர்' என்ற பெயர் இந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்ததுதான். ஊற்று இல்லாத ஊருக்கு வழி சொன்னவர் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி. பீர் நொதிக்கும் தொட்டிகளுக்கு மேலே தங்கி நிற்கும் வாயுவைத் தண்ணீரில் கலந்து பார்த்துவிட்டு, செய்முறையை 1772-ல் சிறு நூலாக வெளியிட்டார். அதை வியாபாரமாக்கியவர் ஜெர்மனியின் விட்சென்ஹவுசனில் பிறந்த யோஹான் யாக்கோப் ஷ்வெப்பே. 1783-ல் ஜெனீவாவில் கம்பெனி தொடங்கினார். 'ஷ்வெப்ஸ்' அவர் பெயர்தான்.

தண்ணீரில் காஸை ஏற்றியாயிற்று, அதை உள்ளே பிடித்துவைப்பது எப்படி? தக்கை காய்ந்தால் சுருங்கும், காஸ் போய்விடும். பிரீஸ்ட்லியின் நூலுக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1872-ல், ஹிராம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கோலி பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். மூடியே இல்லாத பாட்டில் அது. உள்ளே இருக்கும் காஸே தன் கதவைத் தானே சாத்திக்கொள்கிறது.

அடுத்த முறை குடிக்கும்போது கழுத்தை உற்றுப் பாருங்கள். வாயின் உள்பக்கம் ஒரு ரப்பர் வளையம். அதற்குக் கீழே ஒரு சின்ன அறை. அறையின் அடியில் இடுப்பு ஒடுங்கியிருப்பதால் கோலி பாட்டிலுக்குள் விழாது. அறையின் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடியில் இரண்டு குழி அமுக்கியிருப்பார்கள். அந்தப் பக்கம் கீழே வரும்படி சாய்த்தால் கோலி குழிமேட்டில் தட்டி நின்றுவிடும், சோடா தாராளமாக வரும். மாற்றிப் பிடித்தால் கோலி உருண்டுவந்து வாயை அடைக்கும். புதிதாகக் குடிக்கிறவர்கள் அண்ணாந்துகொண்டு முழிப்பது இதனால்தான்.

நிரப்புவது இன்னும் வேடிக்கை. தண்ணீர் ஊற்றிய பாட்டில்களைக் கூண்டு மாதிரியான மெஷினில் மாட்டி, சிலிண்டரிலிருந்து காஸைத் திறந்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றுவார்கள். பாட்டில்கள் குட்டிக்கரணம் போடும், தண்ணீரும் காஸும் குலுங்கிக் கலக்கும். தலைகீழாக நிற்கும் நேரத்தில் கோலி வாய்க்கு வந்துவிடும், காஸ் அதை ரப்பரோடு சேர்த்து அழுத்திப் பூட்டிவிடும். அதன்பிறகு நிமிர்த்தினாலும் விழாது. ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று லிட்டர் காஸ் கரைந்திருந்தால், 30 டிகிரி சூட்டில் பாட்டிலுக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைவிட அதிகம். அந்தக் காலத்துக் கட்சிக் கூட்டங்களில் சோடா பாட்டில் பறந்தால் ஜனம் சிதறி ஓடியதற்குக் காரணம் கண்ணாடி மட்டுமல்ல.

வீட்டில் ஷோர்லே கலக்க இந்த விஞ்ஞானத்தில் ஒரே ஒரு சங்கதி தெரிந்தால் போதும்: காஸுக்குக் குளிர் பிடிக்கும். சாதாரணக் காற்றழுத்தத்தில், பூஜ்யம் டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயுவைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் முக்கால் லிட்டர்கூடத் தாங்காது. ஆகவே பழச்சாறு, சோடா, தம்ளர் மூன்றையும் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஐஸ் போடாதீர்கள். ஐஸின் சொரசொரப்பில் குமிழிகள் கூடு கட்டும், காஸ் சீக்கிரம் ஓடிவிடும். சோடாவில் உப்புப் போட்டதும் புஸ்ஸென்று பொங்குவதும் அதே கதைதான்.

தம்ளரில் பாதிக்குச் சாறு. பிறகு தம்ளரைச் சாய்த்து, ஓரமாகச் சோடாவை இறக்குங்கள். கலக்க வேண்டாம், குமிழியே கலக்கிவிடும். ஜெர்மனியில் ஆப்பிள் சாறுதான் முதல் மரியாதை. டப்பாச் சாறு வாங்கினால் சர்க்கரை சேர்க்காததாகப் பாருங்கள். என்னைக் கேட்டால், கம்பம் பன்னீர் திராட்சையை வேகவைத்து வடிகட்டிய சாறு அதைவிட ஒரு படி மேல். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது. ஜெர்மனிக்காரர்கள் கருப்பு யோஹானிஸ்பேரெ (பிளாக்கரன்ட்) பழச் சாற்றில் தேடும் புளிப்பும் துவர்ப்பும் அதில் இருக்கின்றன.

சோடா நாக்கில் சுருக்கென்று குத்துவது குமிழி வெடிப்பதால் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விஷயம் வேறு. நாக்கில் புளிப்பை உணரும் செல்களின் மேல் ஒரு நொதி உட்கார்ந்திருக்கிறது. அது கரியமில வாயுவை அமிலமாக மாற்றுகிறது. 2009-ல் எலிகளை வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள். மலையேறுகிறவர்கள் சாப்பிடும் ஒரு மாத்திரை இந்த நொதியை அடக்கிவிடும். அதைப் போட்டுக்கொண்டு பீரோ சோடாவோ குடித்தால் சப்பென்று இருக்கும்.

தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு சாலட். வடக்கு ஜெர்மனியில் மயோனைஸ் போடுவார்கள். நம் வெயிலுக்கு அது சீக்கிரம் கெட்டுவிடும். தெற்கே ஸ்வேபியாக்காரர்கள் செய்வது நமக்குத் தோது. மாவாகக் குழையாத கிழங்கை வேகவைத்து, சூடு ஆறும் முன் தோலுரித்து வட்டமாக நறுக்கி, கொதிக்கும் காய்கறிச் சாற்றில் வினிகர், அரைத்த கடுகு, பொடியாக நறுக்கிய வெங்காயம் சேர்த்து மேலே ஊற்ற வேண்டும். சூடான கிழங்குதான் சாற்றை உறிஞ்சும், ஆறிவிட்டால் அடம்பிடிக்கும். எண்ணெய் கடைசியில்தான்.

இனிப்புக்கு ரோட்டே க்ருட்ஸே. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 'ரோட்டே' சிவப்பு, 'க்ருட்ஸே' நொய். அதாவது சிவப்பு நொய்க்கஞ்சி. சிவப்புப் பழங்களைச் சர்க்கரையோடு காய்ச்சி, முன்பெல்லாம் நொய்யோ ரவையோ சேர்த்து இறுக்கினார்கள். இப்போது ஸ்டார்ச் அல்லது ஜவ்வரிசி. ஆடியில் கூழ் ஊற்றும் ஊருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்ன? நாவல்பழத்தைக் கொட்டை நீக்கி, மாதுளைச் சாற்றில் ஜவ்வரிசியோடு கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சிக் குளிரவைத்து, மேலே பால் ஊற்றிச் சாப்பிடுங்கள்.

ஜெர்மனியிலும் சோடாவுக்கென்று ஒரு பாட்டில் உண்டு. 1969-ல் குன்டர் குபெட்ஸ் வடிவமைத்தது. ஒடுங்கிய இடுப்பு, குமிழி மாதிரியே சின்னச் சின்னக் கண்ணாடி முத்துகள், 0.7 லிட்டர். அதை வாங்கும்போது 15 சென்ட் முன்பணம் கட்ட வேண்டும். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசு கைக்கு வரும். பாட்டில் கழுவி நிரப்பப்பட்டு மறுபடி கடைக்கு வரும்.

நம் பொட்டிக்கடையில் முன்பணமெல்லாம் கிடையாது, முகம் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். ஷோர்லேவுக்காக நாலு கோலி சோடா வீட்டுக்கு வாங்கிப்போனால், அலமாரியில் அழகுக்கு நிறுத்திவைக்காமல், பிள்ளைகள் கோலிக்காக உடைத்துவிடாமல், மறுநாளே கடையில் கொடுத்துவிடுங்கள். அவருக்குச் சோடாவைவிடப் பாட்டில்தான் முக்கியம்.