காய்ச்சல் வலிப்பு: மணிக்கூட்டைப் பாருங்கள்

நள்ளிரவு. காய்ச்சலில் கிடந்த பிள்ளை கண் செருகி, கை கால் வெட்டி இழுக்கிறது. உம்மா அலறுகிறார். ஒருவர் பிள்ளையின் கையில் இரும்புத் திறப்பைத் திணிக்கிறார், இன்னொருவர் பல்லிடையே கரண்டியை நெருக்குகிறார். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் இந்தக் கைவைத்தியங்கள் இன்னும் போகவில்லை.

6 மாதம் முதல் 5 வயது வரை, 100 பிள்ளைகளில் 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வரலாம். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும், மூளையைப் பாதிப்பதில்லை.

உடனே செய்ய வேண்டியது

பிள்ளையைப் பாயில் ஒருக்களித்துக் கிடத்துங்கள். அமுக்கிப் பிடிக்காதீர்கள். ஓதி ஊதுங்கள்; ஆனால் ஓதிய தண்ணீரை நினைவு திரும்பும்வரை வாயில் விடாதீர்கள், புரையேறிவிடும். நேரத்தைக் குறியுங்கள். முடிந்தால் போனில் படம் பிடியுங்கள், டொக்டருக்கு உதவும். 5 நிமிடம் தாண்டினாலோ, மூச்சு சீராகாவிட்டாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணமில்லை. முதல் வலிப்பு என்றால், நின்ற பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். கழுத்து விறைப்பு, தெளியாத மயக்கம், ஒரே நாளில் மறுபடி வலிப்பு ஆகியவை மூளைக்காய்ச்சலின் அறிகுறிகளாக இருக்கலாம்.

பரிசோதனையில் ரத்தச் சீனி கூடினால்

வலிப்பு உடலுக்கு ஓர் அதிர்ச்சி. அப்போது கோர்ட்டிசோல், அட்ரினலின் என்ற அழுத்த ஹோர்மோன்கள் பெருகி, ரத்தத்தில் சீனியை ஏற்றும். இது பெரும்பாலும் தானாக இறங்கும். சீனி வருத்தமென்று நீங்களே முடிவு கட்டாமல், மறுபரிசோதனை தேவையா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

பழி வேண்டாம்

"பெனடோல் கொடுக்கப் பிந்தியதால்தான்" என்று தாயைக் குற்றம் சாட்டாதீர்கள். அந்த மருந்து உடல் வேதனையைத் தணிக்கும். வலிப்பைத் தடுக்கும் என்ற உறுதி இல்லை. எடைக்கேற்ற அளவே கொடுங்கள். டெங்குக் காலத்தில் இபுபுரோஃபென், அஸ்பிரின் வேண்டாம்.

உங்கள் உரிமை

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். காரணத்தையும் மருந்தையும் விளக்கிச் சொல்லக் கேளுங்கள். வலிப்பு வந்ததைத் தடுப்பூசி கிளினிக்கில் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். அதற்காக ஊசியைத் தவறவிடாதீர்கள். கவனிப்பில் குறையென்றால் வைத்தியசாலைப் பொறுப்பாளருக்கு எழுத்தில் முறையிட்டு, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அந்த முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

ஒருமுறை வலிப்பு வந்த பிள்ளைகளில் மூவரில் ஒருவருக்கு மீண்டும் வரலாம். ஆகவே மூத்தம்மாவுக்கும் பாலர் பாடசாலை ஆசிரியைக்கும் இதை இன்றே சொல்லி வையுங்கள். அந்த இரும்புத் திறப்புக்கும் வேலை உண்டு: அம்புலன்ஸ் வரும்போது கேட்டைத் திறக்க.