உதைக்கும் மாட்டின் மடியை முதலில் பாருங்கள்

தலையீற்றுக் கிடேரி கன்று போட்டு நாலு நாள்கூட ஆகியிருக்காது. கறக்க உட்கார்ந்தால் உதைக்கிறது. பால் வாளி கவிழ்கிறது, கறப்பவருக்கும் அடி. ‘உதைக்கிற மாடு’ என்று பெயர் வைத்து, வந்த விலைக்கு வியாபாரியிடம் பிடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல கறவைகள் பல இப்படித்தான் கைமாறிப் போகின்றன.

மாடு உதைப்பது பெரும்பாலும் வலியாலோ பயத்தாலோதான். முதல் ஈற்றில் மடி வீங்கிக் கல்போல இருக்கும், தொட்டாலே வலிக்கும். காம்பில் வெடிப்பு, கன்றின் பல் பட்ட புண், கறப்பவரின் நீண்ட நகம், கட்டைவிரலை மடக்கிக் கறக்கும் பழக்கம் எல்லாமே காரணங்கள்தான். காம்பை உள்ளங்கையில் அடக்கி முழுக்கையால் கறப்பதே மாட்டுக்குச் சுகம். முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். கட்டி கட்டியாக வந்தால் மடிநோய். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். நேற்றுவரை சாதுவாக நின்ற மாடு திடீரென உதைத்தாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

அடித்தால் நட்டம்தான். மிரண்ட மாட்டுக்கு அட்ரினலின் சுரக்கும்; பாலை இறக்கும் ஆக்சிடோசின் சரியாக வேலை செய்யாது. பால் மடியிலேயே தங்கிவிடும்.

சினையின் கடைசி இரண்டு மாதமும் தினம் முதுகில் தொடங்கித் தொடை, மடி வரை தடவிப் பழக்குங்கள். காம்பைப் பீச்ச வேண்டாம். குதிரை பின்பக்கமாக உதைக்கும். மாடு காலை முன்னே தூக்கிப் பக்கவாட்டில் வீசும். அதனால் தள்ளி உட்கார்ந்தால்தான் அடி பலமாக விழும். ஒட்டி உட்கார்ந்து தலையை விலாவில் சாய்த்துக்கொண்டால், கால் எழும்புவது முன்பே தெரிந்துவிடும். பின்னங்கால்களைக் கட்டிக் கறப்பதெல்லாம் பழகும்வரை சில நாளைக்குத்தான். காம்பில் புண் இருந்தால் முதலில் அதை ஆற்றுங்கள்.