உங்கள் கடையின் பெயர் யார் கையில்?

கண்டியில் மஹய்யாவையிலும் கட்டுகஸ்தோட்டை வீதியிலும் சிறு விடுதியோ கடையோ நடத்தும் ஒருவரிடம் "வெப்சைட் யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "செய்து தந்த தம்பியிடம்தான் கேட்க வேண்டும்" என்பார். வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது. காசு உங்களுடையதாக இருக்கலாம். ஆனால் டொமைன் பதிவில் உரிமையாளராக எவர் பெயர் உள்ளதோ, அவர் சொல்தான் எடுபடும். அந்த இடத்தில் உங்கள் பெயரும் உங்கள் மின்னஞ்சலும் இருக்கவேண்டும். தம்பிக்குத் தொழில்நுட்பப் பொறுப்பு மட்டும் போதும்.

பெயருக்குப் பல வடிவங்களும் உண்டு. மூன்று டபிள்யூ போட்டு ஒன்று, போடாமல் ஒன்று, டொட் எல்கே, டொட் கொம். 2010இல், டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் அனுமதி கிடைத்தபின் டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் பெயரும் வந்தது. வாடிக்கையாளருக்கு எல்லாம் ஒரே கடைதான். சேர்வருக்கோ ஒவ்வொன்றும் தனித்தனி முகவரி. ஒன்றில் திறக்கும் பக்கம் மற்றதில் திறக்காமல் போகலாம். ஒன்றில் லொகின் செய்தவர் மற்றதில் அந்நியராகலாம்.

ஒரு வடிவத்தை முதன்மையாக வைத்து, மற்றவற்றை 301 என்ற நிரந்தரத் திசைமாற்றத்தால் அதற்கே அனுப்பிவிடுவதுதான் வழி. வேர்ட்பிரஸில் பொது அமைப்புப் பக்கத்தில் உள்ள இரண்டு முகவரிப் பெட்டிகளிலும் அந்த முதன்மைப் பெயரே இருக்கட்டும். பலர் தவறுவது பாதுகாப்புச் சான்றிதழில். பிரவுசர் முதலில் பார்ப்பது சான்றிதழைத்தான், திசைமாற்றம் அதற்குப் பிறகே. சான்றிதழில் இல்லாத வடிவத்தில் வருபவர் சிவப்பு எச்சரிக்கையைக் கண்டு திரும்பிவிடுவார். லெட்ஸ் என்கிரிப்ட் எல்லா வடிவங்களுக்கும் சேர்த்து இலவசமாகவே தருகிறது. அதற்குப் போய்க் காசு கேட்பவரிடம் காரணம் கேளுங்கள்.

பெயர் வழியாகத் திருட்டும் நடக்கலாம். சில மென்பொருள்கள் கடவுச்சொல் மீட்பு இணைப்பை, கோரிக்கையோடு வந்த தளப் பெயரை நம்பியே உருவாக்கும். திருடன் அங்கே தன் தளத்தின் பெயரைச் செருகலாம். ஆகவே அனுமதித்த பெயர்களைப் பட்டியலிட்டு, மற்றதை மறுக்கச் செய்யவேண்டும்.

நம் கையில் இல்லாத ஆபத்தும் உண்டு. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி கூகுள் டொட் எல்கே உட்படச் சில முகவரிகளைத் தட்டியவர்கள், தேயிலைத் தோட்டத் தொழில் தொடங்கிப் பல சமூகப் பிரச்சினைகளைப் பேசும் ஒரு பக்கத்தில் போய் நின்றார்கள். அந்தக் கோளாறு நடந்தது டொட் எல்கே பதிவு மட்டத்தில். தளங்களின் சேர்வரில் அல்ல.

உங்கள் பெயரை ஒத்த போலித் தளம் வந்தால் திரையைப் படமெடுத்து, முழு முகவரியோடு, இணையப் பாதுகாப்பு அமைப்பான இலங்கை சேர்ட்டுக்கு, 101 இலக்கத்தில், அறிவியுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டமும் உண்டு. டொட் கொம் பெயரை மீட்க ஐகானின் பிணக்குத் தீர்வு முறை இருக்கிறது. ஆனால் அந்தப் பிணக்குகளை விசாரிக்கும் வைப்போ அமைப்பில் தனி நடுவருக்கே கட்டணம் 1,500 டொலர், வர்த்தகக் குறி உரிமையையும் காட்டவேண்டும். சிறு கடைக்கு அது கட்டாது. முக்கியமான வடிவங்களை முன்கூட்டியே பதிந்து, ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பிப்பதே மலிவு.

இன்றே உங்கள் போனில் எல்லா வடிவங்களையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். எது திறக்கவில்லையோ, அதை எழுதிக்கொண்டு தளம் செய்தவரிடம் கேளுங்கள்.