வாடகையும் உரிமையும்

நுவரெலியா நகருக்கு அழகூட்டுவது கிரகரி வாவி. பிதுருதலாகல மலையிலிருந்து இறங்கும் ஓடையை மறித்து, சதுப்பாகக் கிடந்த தாழ்நிலத்தில், தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டில் இவ்வாவி அமைக்கப்பட்டது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்திலுள்ள இந்நகரின் வீடுகளை நாடுவோர் இருவகையினர். ஏப்ரல் மாத வசந்த காலத்தில், சமவெளியின் வெப்பத்திற்கு அஞ்சி மலையேறி வருவோர்க்கு அவை சில நாள் விடுதி. ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் கடைச் சிப்பந்திக்கும் அவையே ஆண்டு முழுவதும் வாழவேண்டிய இல்லம். ஒரே கூரையை இருவர் நாடும்போது வாடகை ஏறுதல் இயல்பே.

இங்கே வீடு தேடுவோர் முதலில் காலை வெயில் விழுகின்றதா, சுவரில் ஈரம் கசிகின்றதா, குடிநீர் தடையின்றி வருகின்றதா என்பவற்றைக் கவனித்தல் வேண்டும். குளிர்நாட்டில் ஈரச்சுவர் நோய்க்கு வாசல். ஆயின் இவற்றினும் முதன்மையானது எழுத்து. வாடகை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, ஏப்ரலிலும் அதே தொகைதானா, வெளியேறுவதற்கு எத்தனை நாள் முன்னறிவித்தல் என்பவற்றை எழுதி இருவரும் ஒப்பமிடுதல் நன்று. மாதந்தோறும் பற்றுச்சீட்டும் பெறவேண்டும். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், மனம்போனவாறு வாடகையை உயர்த்துவதினின்றும் வெளியேற்றுவதினின்றும் குடியிருப்போர் பலரைக் காத்தது. எச்சட்டமாயினும், குடியிருந்தமைக்குச் சான்று கேட்கும்போது கைகொடுப்பது அச்சிறு சீட்டே.

தோட்டத்திலிருந்து நகரக் கடைக்கு வேலைக்கு வரும் இளைஞன் இச்சீட்டைக் கேட்பதற்குக் கூசுகின்றான். ஏன்? அவன் பிறந்த வீட்டில் அப்படியொரு சீட்டு இருந்ததேயில்லை. லயத்துக் காம்பராவிற்கு வாடகை இல்லை. இதைக் கேட்போர், கொடுத்துவைத்தவர்கள் என்று எண்ணக்கூடும். ஆனால் பத்தடிக்குப் பன்னிரண்டடியான அந்த அறை வேலையோடு கட்டுண்டது, தோட்டத்திற்குச் சொந்தமானது. நகரத்தில் ஒரு மாதம் குடியிருந்தவனிடம் ஒரு பற்றுச்சீட்டாவது உண்டு. மூன்று தலைமுறையாய் லயத்தில் வாழ்ந்தவரிடம் அதுவுமில்லை.

இந்நிலை தானாக வந்ததன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோர் குடியுரிமை பெறும் வழியை 2003ஆம் ஆண்டின் சட்டம் திறந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் தாராளமாகப் பணிபுரியத் தடையாயிருந்தது. அது 2018இலேயே திருத்தப்பட்டது. 2015ஆம் ஆண்டின் பின்னர், குடும்பத்திற்கு 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு அமைக்கும் முயற்சி தொடங்கியது. 2017 மே மாதத்தில் நோர்வூட்டிற்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, மேலும் 10,000 வீடுகள் வழங்கப்படும் என அறிவித்தார்.

புதிய வீட்டின் சுவரும் கூரையும் கண்ணுக்குத் தெரியும். காணி உறுதியோ பெட்டிக்குள் இருப்பது. எனினும், வேலை போனபின்னும் வீடு நிலைக்குமா என்பதைத் தீர்மானிப்பது அக்காகிதமே. ஆதலால், வாவிக்கரையில் அறை எடுக்கும் இளைஞன் பற்றுச்சீட்டைக் கேட்கட்டும். மலைச்சரிவில் வீடு பெறும் பெற்றோர் உறுதியைக் கேட்கட்டும். கேட்பது மரியாதைக் குறைவன்று, குடியிருப்பவரின் கடமை.